கோடை வெயிலில் தக்காளி: முதன்முறை நடுபவர்களுக்கு

செடி இடுப்புயரம் வளர்ந்து, இலைகள் கரும்பச்சையாக, கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் பூக்காம்பின் நடுவில் இருக்கும் சிறு முட்டு மஞ்சளாகியிருக்கும். விரல் பட்டதும் பூ அந்த முட்டோடு கழன்று விழும். வெயில் கடுமையான ஊரில் தக்காளி வைத்தவர்கள் பலரும் முதல் ஆண்டில் இதைத்தான் பார்க்கிறார்கள். உடனே உரம் போடுகிறார்கள், தண்ணீரைக் கூட்டுகிறார்கள், மருந்து தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். உரத்திலும் தண்ணீரிலும் குறை இல்லை, விதைத்த தேதிதான் தவறு என்று புரிய எனக்கு இரண்டு கோடைகள் ஆயின. அதனால் இந்த வழிகாட்டியை மண்ணிலிருந்து தொடங்காமல் நாட்காட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் இரவைப் பாருங்கள்

தக்காளிக்குப் பகலில் 21 முதல் 29 டிகிரி செல்சியஸும் இரவில் 15 முதல் 20 டிகிரியும் இருந்தால் போதும், அது பாட்டுக்குக் காய்க்கும். பகல் 35-ஐத் தாண்டினால் பூ உதிரத் தொடங்கும் என்பது பலருக்குத் தெரியும். பலர் கவனிக்காதது இரவு. இரவின் குறைந்தபட்ச வெப்பம் 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்தால், பகல் அவ்வளவு கடுமையாக இல்லாவிட்டாலும் பிஞ்சு பிடிப்பது வெகுவாகக் குறைந்துவிடும். பகலில் இலைகள் சேர்த்த சர்க்கரையைச் செடி இரவில் சுவாசித்துச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும், பூவுக்கு மிஞ்சுவது குறையும்.

வெப்பத்துக்கு முதலில் பலியாவது மகரந்தம். அது பூ விரியும் நாளில் உருவாவதில்லை. ஒன்றிரண்டு வாரங்களுக்கு முன்பே, மொட்டு மிகச் சிறிதாக இருக்கும்போதே, உள்ளே உருவாகத் தொடங்கிவிடுகிறது. அந்த நாட்களில் வெயில் கொளுத்தினால் மகரந்தம் மலடாகிவிடும். இன்று உதிரும் பூ போன வாரத்து அனலால் உதிர்கிறது. அனல் தணிந்த பிறகும் பத்து நாள் வரை பூ உதிர்ந்துகொண்டே இருந்தால் பதற வேண்டாம். பின்னால் வரும் மொட்டுகள் நல்ல மகரந்தத்தோடு வரும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வெயில் தாங்காதது பூதான். ஒருமுறை பிடித்த பிஞ்சு, தண்ணீர் தவறாமல் கிடைத்தால், நல்ல வெயிலிலும் பருத்துவிடும். ஆகவே இரவுகள் சூடேறுவதற்கு முன்பே போதுமான பிஞ்சுகளைப் பிடிக்கவைத்துவிட வேண்டும்.

கணக்கு இப்படி. உங்கள் ஊரின் வானிலைப் பதிவில் மாதவாரியாக இரவின் குறைந்தபட்ச வெப்பத்தைப் பாருங்கள். அது 22-ஐத் தாண்டும் வாரத்தைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். பூத்துப் பிஞ்சு பிடிக்க மூன்று நான்கு வாரம். நட்டதிலிருந்து முதல் பூ வர நான்கைந்து வாரம். விதையிலிருந்து நடும் அளவுக்கு நாற்று வர நான்கைந்து வாரம். கூட்டினால் ஏறக்குறைய மூன்று மாதம். ஏப்ரல் முதல் வாரத்தில் இரவு சூடேறும் ஊர் என்றால் ஜனவரித் தொடக்கத்தில் விதை போட வேண்டும். பிப்ரவரிக் கடைசியில் விதைத்தால் செடி அழகாக வளரும், காய் இருக்காது.

குளிர் காலத்தில் உறைபனி விழும் இடமாக இருந்தால் நாற்றை வீட்டுக்குள் வளர்த்து, பனி ஓய்ந்ததும் வெளியே நடுங்கள். ஆண்டு முழுவதும் இரவு வெதுவெதுப்பாகவே இருக்கும் இடமாக இருந்தால், கிடைப்பதில் குளிர்ச்சியான மூன்று மாதங்களைத் தேர்ந்தெடுத்து, பூக்கும் காலம் அதற்குள் வரும்படி விதையுங்கள். பிற மாதங்களில் சிறுதக்காளி மட்டும் போதும்.

எந்த ரகம்

முதன்முறை என்றால் செர்ரி தக்காளி எனப்படும் சிறுதக்காளி ஒன்றையாவது வையுங்கள். ஒரு கொத்தில் நிறையப் பூ பூக்கும். பாதி உதிர்ந்தாலும் மீதி காயாகும். பூ விரிந்து ஐந்தாறு வாரத்தில் பழுத்தும் விடும். உள்ளங்கை அகலத்துக்குக் காய்க்கும் பெருந்தக்காளி ரகங்களை முதல் கோடையில் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவற்றுக்குக் குளிர்ந்த இரவும் நீண்ட காலமும் வேண்டும்.

நடுத்தரக் காய் வேண்டுமென்றால் வெப்பம் தாங்கும் ரகம் என்று சொல்லப்படுவதைத் தேடுங்கள். தைவானில் 1971-ல் தொடங்கப்பட்ட உலகக் காய்கறி மையம் வெப்பமண்டலத்துக்கு ஏற்ற தக்காளியை உருவாக்குவதில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. புளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘சோலார் ஃபயர்’ போன்ற ரகங்களும் உண்டு. ஆனால் வெப்பம் தாங்கும் என்றால் எந்த வெயிலிலும் காய்க்கும் என்று பொருள் இல்லை. மற்றவை கைவிடும் இடத்திலிருந்து இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். அந்த இரண்டு மூன்று டிகிரி உங்களுக்குக் கூடுதலாகச் சில வாரக் காய்ப்பைத் தரும்.

செடியின் வளர்ச்சி இரண்டு விதம். புதர் வகை ஓரளவு உயரத்தோடு நின்று, ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்துக் காய்த்து முடித்துவிடும். கொடி வகை வளர்ந்துகொண்டே, பூத்துக்கொண்டே இருக்கும். குளிர் போய் வெயில் வருவதற்குள் குறுகிய இடைவெளிதான் உள்ளது என்றால் புதர் வகை. கோடை முழுதும் செடியைக் காப்பாற்றி வெயில் தணிந்ததும் மறுபடி காய்க்க வைக்க விரும்பினால் கொடி வகை. இடமிருந்தால் இரண்டிலும் இரண்டு செடி வையுங்கள். விதைப் பாக்கெட்டில் ‘60 நாள்’, ‘75 நாள்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் நாற்று நட்ட நாளிலிருந்து எண்ணியது, விதைத்த நாளிலிருந்து அல்ல. இலைச்சுருள் நச்சுயிரி, வாடல், வேரைத் தாக்கும் நூற்புழு இவற்றுக்கு எதிர்ப்புத்திறன் உள்ளதா என்றும் அதிலேயே பாருங்கள். வெயில் பகுதிகளில் இலைச்சுருள் எதிர்ப்பு மற்ற எதையும்விட முக்கியம்.

நாற்று

குழித்தட்டிலோ சிறு கிண்ணங்களிலோ அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். மண் 25 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் ஐந்து முதல் எட்டு நாளில் முளைக்கும். 35-ஐத் தாண்டினால் முளைப்பு குறையும். அதனால் வெயில் மாதங்களில் தட்டை நிழலில் வையுங்கள். முளை தெரிந்ததும் நல்ல வெளிச்சத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று நூலாக நீண்டுவிடும்.

முளைத்த நாள் முதல் தட்டின் மேல் வெள்ளை ஈ புகாத அளவுக்கு நுண்ணிய கண்களுள்ள பூச்சிவலையைப் போர்த்துங்கள். வெள்ளை ஈ சுமந்து வரும் இலைச்சுருள் நச்சுயிரி நாற்றுப் பருவத்தில் தொற்றினால் அந்தச் செடியில் காயையே எதிர்பார்க்க முடியாது. வளர்ந்த பிறகு தொற்றினால் கொஞ்சமாவது தேறும். இந்த முதல் நான்கு வாரம் வலை போட்டதால் மட்டுமே தப்பிய செடிகள் என்னிடம் உண்டு.

நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நாற்றை வெளியே பழக்குங்கள். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி, கடைசி நாளில் அரைநாள் வரை. தண்ணீரையும் சற்றுக் குறைத்தால் தண்டு உறுதி பெறும்.

மண்ணும் தொட்டியும்

தரையில் நடுவதானால் நீர் தேங்காத, மட்கிய எரு கலந்த மண் வேண்டும். மண்ணின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 6 முதல் 6.8 வரை இருந்தால் நல்லது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம். இவற்றில் ஏதாவது சென்ற இரண்டு மூன்று ஆண்டுகளில் வளர்ந்த இடத்தைத் தவிருங்கள். வேறு இடம் இல்லையென்றால், போன கோடையின் வெயிலையே பயன்படுத்தியிருக்க வேண்டும். மண்ணைக் கொத்தி, நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற தெளிவான பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து நான்கு முதல் ஆறு வாரம் விட்டால், மேல்மண்ணில் உள்ள நோய்க்கிருமிகளும் நூற்புழுக்களும் களை விதைகளும் பெருமளவு குறையும். அடுத்த ஆண்டுக்கு இதை நினைவில் வையுங்கள்.

தொட்டி விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். புதர் வகைக்குக் குறைந்தது 20 லிட்டர், கொடி வகைக்கு 40 லிட்டர் கொள்ளளவு. சிறிய தொட்டியில் மண் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அதைவிடக் கெடுதல், மண்ணே சூடாகிவிடும். கறுப்புத் தொட்டியின் மேற்குப் பக்கச் சுவரைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அந்தச் சுவரை ஒட்டித்தான் வேர்கள் இருக்கின்றன. வெள்ளை அல்லது வெளிர் நிறத் தொட்டி வாங்குங்கள். இருப்பது கறுப்பு என்றால் சாக்கோ வெள்ளைத் துணியோ சுற்றுங்கள், அல்லது பெரிய தொட்டிக்குள் சிறியதை இறக்கி இடைவெளியில் காய்ந்த இலைகளைத் திணியுங்கள். காங்கிரீட் தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். காற்று புகும், தரையின் சூடு ஏறாது.

தொட்டிக் கலவைக்குத் தோட்ட மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய எரு அல்லது மண்புழு உரம் மூன்றையும் ஏறக்குறைய சம பங்கு கலக்கலாம். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். அதில் உப்பு இருக்கலாம், உப்பு மிகுந்த மண்ணில் தக்காளி தண்ணீர் இருந்தும் தாகத்தோடு நிற்கும்.

நடுவது

சாயங்காலம், வெயில் இறங்கிய பிறகு நடுங்கள். தக்காளிக்குப் பல செடிகளுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. மண்ணுக்குள் போன தண்டு முழுதும் வேர்விடும். அடித்தண்டை உற்றுப் பார்த்தால் சிறு புடைப்புகள் தெரியும், அவை வேராகக் காத்திருப்பவை. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, உச்சியில் நான்கைந்து இலை மட்டும் வெளியே தெரியும்படி தண்டில் பாதிக்கு மேல் புதையுங்கள். மேல்மண் கொதிக்கும் ஊரில் ஆழத்தில் உள்ள வேர்தான் செடிக்கு உயிர். ஒட்டு நாற்றாக இருந்தால் மட்டும் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும்.

புதர் வகைக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர், கொடி வகைக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி விடுங்கள். ஊன்றுகோலை நடும்போதே ஊன்றிவிடுங்கள், பிறகு குத்தினால் வேர் அறுபடும். முதல் நான்கைந்து நாள் மத்தியான வெயில் படாமல் எதையாவது கொண்டு மறையுங்கள்.

நட்டு ஒரு வாரத்தில் மூடாக்கு. வைக்கோல், காய்ந்த இலை, காய்ந்த புல் எதுவானாலும் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் அடித்தண்டு அழுகும். முதலில் மண்ணை நன்றாக நனைத்துவிட்டுப் போடுங்கள். கோடைத் தக்காளிக்கு நீங்கள் செய்யும் வேலைகளில் செலவே இல்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான்.

தண்ணீர்

அதிகாலையில், செடியின் அடியில், ஆழமாக. தினமும் மேலாக நனைப்பதைவிட, தரையில் உள்ள செடிக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு சாண் ஆழம் நனையும்படி ஊற்றுவது மேல். தொட்டிச் செடிக்குத் தினமும் வேண்டும். உச்சக் கோடையில் பெரிய கொடிச்செடி ஒரே நாளில் சில லிட்டர் குடித்துவிடும், அப்போது மாலையிலும் ஒருமுறை ஊற்றுங்கள். எவ்வளவு என்பதைக் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மத்தியானம் இலைகள் தொங்கினால் அது தாகம் என்று முடிவுகட்ட வேண்டாம். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை நீரை இழக்கும் வேகம் கூடியதால் செடி இலையைத் தொங்கவிடுகிறது. சூரியன் இறங்கியதும் நிமிர்ந்துவிட்டால் அதற்கு ஒன்றும் இல்லை. காலை ஆறு மணிக்கும் தொங்கியிருந்தால்தான் கவலை. மத்தியானம் தொங்கும் போதெல்லாம் தண்ணீர் ஊற்றி, வேர் அழுகி நான் இழந்த செடிகள் பல. மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறதே என்று மேலும் ஊற்றினேன். காற்றில்லாத சேற்றில் வேர் மூச்சடைத்துப் போயிருந்தது.

வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது கொதிநீர். அதை வேறு பக்கம் விட்டு, கையில் ஊற்றிப் பார்த்துக் குளிர்ந்த பிறகு செடிக்குத் திருப்புங்கள்.

நிழல்

செடிக்குக் காலையிலிருந்து ஆறு மணி நேர வெயில் போதும். பிற்பகல் வெயில்தான் வதைக்கிறது. பகல் 35-ஐத் தாண்டத் தொடங்கியதும் 30 முதல் 40 சதவீத நிழல்வலையை மேலேயும் மேற்குப் பக்கத்திலும் கட்டுங்கள், கிழக்கைத் திறந்து விடுங்கள். செடியின் உச்சிக்கும் வலைக்கும் இடையில் அரை மீட்டராவது இருக்கட்டும், சூடான காற்று வெளியேற வேண்டும். 50 சதவீதத்துக்கு மேல் நிழல் தரும் வலை வேண்டாம். செடி ஒல்லியாக நீண்டு பூவைக் குறைத்துவிடும். வலை கிடைக்காவிட்டால் பழைய வெள்ளைத் துணி போதும். மேற்கே சோளமோ சூரியகாந்தியோ ஒரு வரிசை முன்கூட்டியே விதைத்து வைத்தால் அதுவே வேலி.

கொடி வகையில் இலைக்கணுவிலிருந்து கிளம்பும் பக்கத்தளிர்களை எல்லாம் கிள்ள வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கடும் வெயிலில் நான் அப்படிச் செய்வதில்லை. அந்த இலைகள்தான் காய்களுக்குக் குடை. மண்ணைத் தொடும் இலைகளையும் மஞ்சளாகிய இலைகளையும் மட்டும் எடுத்துவிடுங்கள்.

பூவைக் காயாக்குவது

தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும். மகரந்தப்பைகள் ஒன்றுசேர்ந்து ஒரு கூம்பாக இருக்கின்றன, அதன் நடுவே சூல்தண்டு. கூம்பு அதிர்ந்தால்தான் மகரந்தம் உள்ளே கொட்டும். காற்று அசைத்தாலும் போதும். தச்சு வண்டு என்று நாம் சொல்லும் பெரிய கறுப்புத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை ‘ஜ்ஜ்’ என்று அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அனல் மிகும்போது சூல்தண்டு நீண்டு கூம்புக்கு வெளியே நீட்டிக்கொள்வதும் உண்டு, அப்போது மகரந்தம் அதன் முனையில் படுவது கடினமாகிறது.

அதனால் நீங்களே உதவுங்கள். காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள், பனி உலர்ந்து வெயில் ஏறுவதற்கு முன், பூக்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டுங்கள். எலெக்ட்ரிக் டூத்பிரஷின் பின்புறத்தைக் காம்பில் இரண்டு மூன்று நொடி வைத்தால் இன்னும் நன்று. மஞ்சள் பொடி மெல்லிய புகைபோல உதிர்வது தெரிந்தால் மகரந்தம் நல்ல நிலையில் இருக்கிறது. ஒன்றுமே உதிராவிட்டால் காற்றில் ஈரம் மிகுதியாக இருக்கலாம், அல்லது வெயில் மகரந்தத்தைக் கெடுத்திருக்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதைச் செய்யுங்கள். பூ விரிந்திருக்கும் காலை வேளையில் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள், உங்கள் வேலையைச் செய்ய வந்த வண்டும் சாகும்.

உரம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் செடி இலையாகவே வளர்ந்து பூவை மறந்துவிடும். நடும்போது இட்ட எருவே முதல் மாதத்துக்குப் போதும். முதல் பிஞ்சு கோலிக்குண்டு அளவு ஆனதும், சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாக உள்ள உரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈர மண்ணில், சிறிதளவு இடுங்கள். வெயில் 38-க்கு மேல் போகும் நாட்களில் உரமே வேண்டாம். செடி வளர்வதை நிறுத்திவிட்டு உயிரைக் காத்துக்கொண்டிருக்கிறது.

இலை சுருண்டால்

புதியவர்களைப் பயமுறுத்துவது இதுதான், பிரித்தறியவும் எளிது. அடி இலைகள் நீளவாக்கில் குழல்போல மேல்நோக்கிச் சுருண்டு, தடித்து, ஆனால் பச்சையாகவே இருந்தால் அது வெயிலுக்குச் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு. காய்ப்பு குறையாது, எதுவும் செய்ய வேண்டாம். மாறாக நுனியில் வரும் புது இலைகள் சிறுத்து, கிண்ணம்போல் குழிந்து, ஓரம் மஞ்சளாகி, செடி வளராமல் குத்தாக நின்றுவிட்டால் அது இலைச்சுருள் நச்சுயிரி. மருந்து கிடையாது. செடியை மேலே ஒரு பை போட்டு மூடி, வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். மூடாமல் பிடுங்கினால் அதிலிருக்கும் வெள்ளை ஈ எல்லாம் பக்கத்துச் செடிக்குப் பறக்கும்.

வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டைகளைச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு திரவ சோப்பு கலந்து, வெயில் முற்றும் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கத்தில் தெளியுங்கள். பகல் வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை கருகிவிடும். இலையில் ஊசி முனைப் புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் செஞ்சிலந்தி. வறண்ட அனலில் பெருகுவது. காலையில் இலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் அடங்கும். காயில் ஓட்டை போட்டுத் தலையை உள்ளே நுழைத்திருக்கும் புழுவைக் கையால் எடுப்பதுதான் சிறு தோட்டத்துக்கு வழி.

பச்சையாக இருந்த செடி இரண்டே நாளில் முழுவதும் துவண்டு, மாலையிலும் நிமிராவிட்டால் பாக்டீரியா வாடல் நோயா என்று பாருங்கள். அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் முழுகும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல் நூல் இறங்கினால் அதுதான். அந்த மண்ணில் தக்காளிக் குடும்பத்தை மறுபடி வைக்காதீர்கள்.

காயில் வரும் குறைகள்

காயின் அடிப்பாகம் கறுத்துத் தட்டையாகி அழுகினால் அது நோயல்ல, ஒட்டாது. சுண்ணாம்புச்சத்து காயின் நுனி வரை போய்ச் சேரவில்லை. அந்தச் சத்து நீரோட்டத்தோடு மட்டுமே பயணிக்கும். இலை நீரை நிறைய ஆவியாக்குவதால் சத்து இலைக்குப் போகிறது, காய்க்குக் கிடைப்பது கொஞ்சம். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் ஊற்றும்போது அந்தக் கொஞ்சமும் தடைபடுகிறது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவதால் இந்தப் பருவத்துக்குப் பயன் இல்லை, அது கரைய நெடுங்காலம் ஆகும். தண்ணீரை ஒழுங்காக்குங்கள், கெட்ட காய்களைப் பறித்துவிடுங்கள், அடுத்த கொத்து சரியாக வரும்.

வெயில் படும் பக்கம் வெளுத்துக் காகிதம்போல் ஆனால் வெயில் சுட்டிருக்கிறது, நிழலைச் சரிசெய்யுங்கள். காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று நிறையத் தண்ணீர் பாய்ந்தால் பழம் வெடிக்கும்.

பழம் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுகிறதா? சிவப்பைத் தரும் லைக்கோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை, மஞ்சள் நிறமி மட்டும் தொடர்ந்து சேர்கிறது. இதற்கு நல்ல வழி உண்டு. காயின் அடியில் வெளிர் சிவப்புத் தெரியத் தொடங்கியதுமே, செங்காயாகவே பறித்து, வீட்டுக்குள் 20 முதல் 25 டிகிரி உள்ள இடத்தில், வெயில் படாமல் வையுங்கள். சில நாளில் நன்றாகச் சிவக்கும். கொடியில் பழுத்தால்தான் சுவை என்ற பேச்சு மிதமான வெயிலுக்குப் பொருந்தும். கொளுத்தும் வெயிலில் செங்காயாகப் பறித்ததே நன்றாக இருக்கிறது. அணிலும் பறவையும் முந்திக்கொள்வதும் குறையும். செங்காயைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், 12 டிகிரிக்குக் கீழே பழுப்பது கெட்டுவிடும்.

உச்சக் கோடையும் அதற்குப் பிறகும்

இரவு சூடேறிப் பூ உதிரத் தொடங்கிவிட்டால் புதர் வகைகளின் கடைசிக் காய்களைப் பறித்துவிட்டுச் செடியை எடுத்துவிடுங்கள். கொடி வகையில் நோயில்லாத செடிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிழலும் மூடாக்கும் தண்ணீரும் தவறக்கூடாது. பூவை எதிர்பார்க்காதீர்கள். இரவு வெப்பம் இறங்குவதற்கு ஐந்தாறு வாரம் முன்பு, மேகமூட்டமான ஒரு நாளில், செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். கீழே சில இலைகளாவது இருக்க வேண்டும், மொட்டையாக்கினால் பட்டுப்போகும். ஒரு வாரம் கழித்து ஒரு கை மட்கிய எருவை மூடாக்கின் அடியில் தள்ளிவிடுங்கள். கணுக்களில் புதுத் தளிர் கிளம்பும்.

வெட்டிய பகுதியில் ஒரு சாண் நீளமுள்ள நல்ல பக்கத்தளிர்களை வீணாக்க வேண்டாம். அடி இலைகளைக் கிள்ளி, நிழலில், ஈரமான நார்க்கழிவில் செருகிவையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வேர்விடும். விதையிலிருந்து வரும் நாற்றைவிட இவை முன்னதாகவே பூக்கும்.

நட்ட நாளிலேயே ஒரு சிறு பலகையை ஒவ்வொரு தொட்டியிலும் செருகி, ரகத்தின் பெயர், விதைத்த தேதி, முதல் பூ, முதல் பிஞ்சு, பூ உதிரத் தொடங்கிய நாள், அந்த வாரத்து இரவு வெப்பம் இவ்வளவையும் பென்சிலால் எழுதி வாருங்கள். பேனா மை வெயிலில் அழிந்துவிடும். அடுத்த முறை எந்த வாரம் விதை போடுவது என்று யாரையும் கேட்க வேண்டியிராது, அந்தப் பலகையைப் பிடுங்கிப் பார்த்தால் போதும்.